உள்ளே யாரைக் கூட்டிப்போகிறீர்கள்?

வணக்கம். என் முதல் பிரசவத்தின்போது அம்மா பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் வெந்நீர் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார், நான் உள்ளே தனியாகக் கிடந்தேன். பெரிய தனியார் மருத்துவமனைதான். ஷிப்ட் மாற மாற முகங்களும் மாறின, "கத்தாதம்மா" என்பது மட்டும் மாறவில்லை. இரண்டாவது பிரசவம் அரசு மருத்துவமனையில். அங்கே அத்தையை உள்ளே விட்டார்கள். அவர் பெரிதாக எதுவும் செய்யவில்லை, இடுப்பில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு விடியும்வரை ஊர்க்கதை பேசினார், நடுநடுவே ஒரு மடக்கு தண்ணீர் கொடுத்தார், அவ்வளவுதான். வலி குறைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பயம் போய்விட்டது.

அத்தை அன்று செய்ததைத்தான் டூலா என்பவர் தொழிலாகச் செய்கிறார். நானும் இப்போது அந்த வேலைக்குத்தான் போகிறேன். டூலா மருத்துவச்சி இல்லை, நர்ஸும் இல்லை. உள்பரிசோதனை செய்யக் கூடாது, மருந்து கொடுக்கக் கூடாது. கர்ப்பத்தில் சில முறை வந்து பேசுவார், வலி எடுத்ததிலிருந்து பிறக்கும்வரை கூடவே இருப்பார், அப்புறம் வீட்டுக்கும் வந்து பார்ப்பார். 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்டது. இப்படி விடாமல் ஒருவர் துணை இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் கொஞ்சம் சுருங்குகிறது என்றுதான் அதில் வந்தது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை இருக்கலாம் என்ற ஏற்பாடு 2004இலேயே வந்துவிட்டது. பலருக்குத் தெரிவதில்லை, கேட்டு வாங்குங்கள். பிள்ளை பெற்ற அனுபவமுள்ள, பதறாத ஒரு சித்தியோ அக்காவோ இருந்தால் காசு கொடுத்து என்னைப் போன்றவர்களைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

அப்படி யாரும் பக்கத்தில் இல்லையா? சரி, டூலா தேடுங்கள். ஆனால் முதலில் மருத்துவமனையில் கேளுங்கள். சில இடங்களில் கணவர் அல்லது டூலா, ஒருவரைத்தான் விடுவார்கள்; சில இடங்களில் இருவருக்குமே கதவு திறக்காது. இதை ஏழு, எட்டாம் மாதத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும், நள்ளிரவு வாசலில் நின்றுகொண்டு இல்லை.

டூலாவுக்கென்று நம் நாட்டில் அரசுப் பதிவு கிடையாது. சுவரில் மாட்டிய சான்றிதழ் தனியார் பயிற்சிக்கானது, அதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். "சிசேரியன் ஆகாமல் பார்த்துக்கொள்கிறேன்" என்று யாராவது சொன்னால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றில் கிட்டத்தட்ட 45 பிரசவம் சிசேரியன். அந்தப் பயம் நியாயமானது, அதனாலேயே அதை வைத்து வியாபாரமும் நடக்கிறது. வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்பவரிடம் பேச்சே வேண்டாம். 2018இல் திருப்பூரில் அப்படி முயன்ற ஓர் இளம்தாய் ரத்தப்போக்கில் இறந்தார்.

நான் என்றால் இன்னும் கொஞ்சம் கேட்பேன். அதே மாதத்தில் வேறு எத்தனை பேருக்கு ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள், உங்களுக்கே காய்ச்சல் வந்தால் யார் வருவார், அவரை நான் முன்கூட்டியே பார்க்கலாமா, திடீரென்று சிசேரியன் என்றால் கட்டணம் என்ன ஆகும். டாக்டரைத் திட்டுகிற டூலா எனக்குப் பிடிக்காது. அறைக்குள் சண்டை வந்தால் அவதிப்படுவது படுத்திருப்பவள்தானே?

பிறந்த பிறகுதான் ஆள் இன்னும் தேவை. மூன்றாம் நாள் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும், குழந்தை வாய் வைக்கத் தெரியாமல் அலறும், பார்க்க வந்த ஒவ்வொருவரும் "பால் பத்தல, பவுடர் பால் குடு" என்பார்கள். குழந்தையை மடியில் சரியாக அணைத்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். பத்தியச் சாப்பாடு போடும் பாட்டியோடு மல்லுக்கு நிற்காமல், தாய் தண்ணீர் குடிக்க மட்டும் வழி பண்ணத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. முதல் சில நாள் காரணமில்லாத அழுகை சகஜம். அது இரண்டு வாரத்தைத் தாண்டினால் டாக்டரிடம் போக வேண்டும்; சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அதைச் சொல்லாமல் மசாஜ் மட்டும் செய்துவிட்டுப் போகிறவர் எதற்கு?

அத்தைக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. டூலா என்றால் இன்னது என்று போன மாதம் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா? அப்ப எனக்கு இருபது வருசப் பாக்கி வரணுமே" என்றார்.