பக்கியில் ஏறும் முன்

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் சின்னச் சின்னக் கட்டட கான்ட்ராக்டர்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். வேலையில் அடிபடும் நாள்கூலிக்காரருக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீடு பற்றி இன்று பேசுகிறேன்.

டர்பனில் நாம் தினமும் பார்க்கும் காட்சிதான். காலை ஆறரை மணி, ஹார்டுவேர் கடை வாசலில் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். ஒருவர் கையில் பூச்சுக் கரண்டி, இன்னொருவர் கையில் பெயிண்ட் ரோலர். ஒரு பக்கி, அதாவது பின்பக்கம் திறந்த சின்ன லாரி, வந்து நிற்கும். "பூச்சு வேலை, ரெண்டு பேர்" என்று குரல் வரும். இரண்டு பேர் பின்னால் ஏறிக்கொள்வார்கள். ஏறியவர் பெயரை யாரும் கேட்பதில்லை. 1860-இல் ட்ரூரோ கப்பலில் நம் முன்னோர் வந்து இறங்கியபோது, அந்தக் கொடுமையான ஒப்பந்தக் கூலி முறையில்கூட ஆளின் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் ஏட்டில் ஏறியது. இன்று அதுவும் இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். கணவர் சாரத்திலிருந்து விழுந்து வலது கை முறிந்துவிட்டது. வேலை கொடுத்தவர் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, ஐந்நூறு ராண்டைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மாவிடம் இருந்தது நான்காக மடித்த ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு மட்டும். "முதலாளி யாரும்மா?" என்று கேட்டேன். "வெள்ளை பக்கிங்க" என்றார். டர்பனில் எத்தனை வெள்ளை பக்கி!

வேலையில் அடிபட்டால் நாள்கூலிக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கோய்டா என்று நாம் சொல்லும் 1993-ஆம் ஆண்டின் 130-ஆவது சட்டம், அதாவது வேலையில் வரும் காயத்துக்கும் நோய்க்கும் இழப்பீடு தரும் சட்டம், முதலாளியின் தொழிலுக்காக வேலை செய்யும் தற்காலிகத் தொழிலாளியையும் காக்கிறது. விபத்து தெரிந்த ஏழு நாளுக்குள் முதலாளி அதை இழப்பீட்டு நிதிக்குத் தெரிவிக்க வேண்டும். வேலைக்குப் போக முடியாத முதல் மூன்று மாதம் கூலியில் 75 சதவீதத்தை அவரே கொடுக்க வேண்டும். அப்புறம் அந்தப் பணத்தை நிதியிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

கான்ட்ராக்டர் செய்ய வேண்டியது இதுதான். இழப்பீட்டு நிதியிலோ, 1936 முதல் கட்டடத் துறைக்கென்றே இருக்கும் எஃப்.ஈ.எம். என்ற காப்பீட்டு நிறுவனத்திலோ பதிந்துகொள்ளுங்கள். ஆண்டுதோறும் கொடுத்த கூலியைக் கணக்குக் காட்டிக் கட்டணம் செலுத்துங்கள். அந்தக் கட்டணத்தைத் தொழிலாளியின் கூலியில் பிடிக்கச் சட்டம் விடுவதில்லை. கட்டணத்தைச் செலுத்தி முடித்தால், அதற்குச் சான்றாக 'லெட்டர் ஆஃப் குட் ஸ்டாண்டிங்' என்ற கடிதம் கிடைக்கும். போலிக் கடிதங்களும் நடமாடுகின்றன. அதனால் நகலை மட்டும் நம்பாமல், எண்ணை இணையத்தில் சரிபாருங்கள்.

சப்-கான்ட்ராக்டர் வைப்பவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். உங்கள் தொழிலுக்காக நீங்கள் வேலையைப் பிரித்துக் கொடுத்தவர் பதிவு செய்யவில்லை என்றால், அவருடைய ஆட்களுக்கும் நீங்கள்தான் முதலாளி என்று 89-ஆவது பிரிவு சொல்கிறது. "அவன் ஆளு, எனக்குத் தெரியாது" என்று கைகழுவ வழியில்லை.

வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்களே குடியிருக்க, மாடி இல்லாத வீடு கட்டினால், 2014-ஆம் ஆண்டுக் கட்டுமான விதிகளில் கான்ட்ராக்டரிடம் வேலையை ஒப்படைக்கும் உரிமையாளருக்குரிய கடமைகள் உங்கள் மேல் வராது. சட்டம் கேட்காவிட்டாலும் கான்ட்ராக்டரிடம் அந்த 'குட் ஸ்டாண்டிங்' கடிதத்தை நீங்கள் கேளுங்கள். டைல்ஸ் கடையில் நிறம் பார்க்க அரை நாள் செலவழிக்கிறோம், இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டில் 2013 நவம்பர் 19 அன்று கட்டிக்கொண்டிருந்த கடைவளாகம் இடிந்து இரண்டு பேர் இறந்தார்கள், 29 பேர் காயமடைந்தார்கள். வேலையை நிறுத்தச் சொல்லி நீதிமன்ற உத்தரவு இருந்தும் நடந்த வேலை அது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

சரி, அந்த அம்மா விஷயத்துக்கு வருகிறேன். தொழிலாளி தானே கோரிக்கை கொடுக்கவும் படிவம் உண்டு. அதை நிரப்ப உட்கார்ந்தோம். முதலாளி பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. கூட வேலை செய்த ஒருவரைத் தேடிப்பிடிக்கப் பல வாரம் ஆனது. அவருடைய போனில், மதியச் சாப்பாட்டின்போது எடுத்த ஒரு படம் இருந்தது. பின்னால் அந்த பக்கி, நம்பர் பிளேட்டோடு.

வேலைக்குப் போகும் பிள்ளைகளே, ஏறுவதற்கு முன் அந்த நம்பரைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.