100 வாட் சைரன் இருந்தும் முன்னாடி கார் ஏன் நகரல? ஆம்புலன்ஸ் சைரன், லைட், ஒயரிங்

வணக்கம் மக்களே. ஆம்புலன்ஸ் ஓட்டுறவங்களும் சரி, அதுக்கு ஒயரிங் பாக்குற ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களும் சரி, அடிக்கடி கேக்குற கேள்வி இது: "100 வாட் சைரன் போட்டிருக்கு, அப்பவும் முன்னாடி போற கார் நகர மாட்டேங்குதே?" உடனே 200 வாட் ஆம்ப் (சைரன் சத்தத்தை உருவாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புற பெட்டி) வாங்க ஓடாதீங்க. வாட் ரெண்டு மடங்கானா கூடுறது வெறும் 3 டெசிபல் (சத்தத்தை அளக்குற அலகு).

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். நல்ல 100 வாட் சைரன், ஹாரனுக்கு (புனல் மாதிரி இருக்குற சைரன் ஸ்பீக்கர்) நேர் எதிர்ல 3 மீட்டர்ல சுமார் 120 டெசிபல் கொடுக்கும். தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். அப்போ 30 மீட்டர்ல 100. கண்ணாடி ஏத்தின கார் அதுல ஒரு 30 டெசிபலை முழுங்கிடும். உள்ள போய்ச் சேர்றது 70தான். காருக்குள்ள ஏசி, டயர் இரைச்சல், பாட்டு எல்லாம் சேந்து அதே 70 கிட்ட இருக்கும். அவர் வேணும்னு மறிக்கல, நிஜமாவே காதுல விழல. வழி விடலன்னா மோட்டார் வாகனச் சட்டம் 194இ படி 10,000 ரூபாய் அபராதம் இருக்கு. கேக்காத ஆளுக்கு அது எப்படி உதவும்? அவர் சிக்னல்ல நிக்க, நீங்க 60 கிலோமீட்டர் வேகத்துல வந்தா அந்த 30 மீட்டர் ரெண்டு செகண்டுக்குள்ள முடிஞ்சிடும்.

அதனால வாட்டை விட டோன் முக்கியம். வெய்ல்னு ஒண்ணு (வெயில் இல்ல, வெய்ல்!), மெதுவா ஏறி இறங்குற ஊளை, நிமிஷத்துக்கு 10லேருந்து 30 தடவை. நீளமான திறந்த ரோட்டுக்கு அது. யெல்ப் நிமிஷத்துக்கு 150லேருந்து 250 தடவை வெட்டி வெட்டி வரும். சந்திப்பு வர்றதுக்கு முன்னாடியே அதுக்கு மாத்துங்க. ஒரே டோன் ஓடிட்டே இருந்தா காது பழகிடும், டோன் மாறுற அந்த நொடியிலதான் திரும்பிப் பாப்பாங்க. பல ஆம்ப்ல ஸ்டீயரிங் ஹாரனை அமுக்கினாலே டோன் மாறுற மாதிரி ஒரு ஒயர் கொடுத்திருப்பாங்க. நிறைய வண்டியில அதை இணைக்காமலே சுருட்டி விட்டிருக்காங்க, தேடிப் பாருங்க.

அடுத்து ஹாரன் இருக்குற இடம். கூரை மேல வெச்சா சத்தம் கேபினுக்குள்ளயே இறங்கும், டிரைவர் காதுதான் முதல்ல போகும். கிரில் பக்கம், நேரா முன்னாடி பாத்து வைங்க. இரும்பு பம்பருக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சா மேல் அலைவரிசை எல்லாம் தகட்டுலயே அடிபட்டு நின்னுடும். வாயை லேசாக் கீழ சாய்ச்சு, தண்ணி வடியுற ஓட்டை கீழ வர்ற மாதிரி மாட்டணும். தலைகீழா மாட்டினா ஒரே மழையில தண்ணி தேங்கி டயஃப்ரம் (அதிர்ந்து சத்தம் எழுப்புற மெல்லிய தகடு) காலி.

சைரன் ஸ்பீக்கர் பெரும்பாலும் 11 ஓம் (கரண்டைத் தடுக்குற அளவு). அது எரிஞ்சதும் மைக்செட் கடையில கிடைக்கிற யூனிட்டை மாட்டிடுறாங்க. 16 ஓம் யூனிட்னா சத்தம் கொஞ்சம் குறையும், ஆம்ப் பிழைச்சுக்கும். 8 ஓம்னா கரண்ட் கூடுதலா இழுத்து, கொஞ்ச நாள்ல அவுட்புட் டிரான்சிஸ்டர் வெந்துடும். ரெண்டு 11 ஓம் ஸ்பீக்கரை பேரலல்ல போட்டா 5.5 ஓம், அதை 200 வாட் ஆம்ப்லதான் போடணும். ரெண்டு ஸ்பீக்கருக்கும் பிளஸ்-மைனஸ் ஒரே மாதிரி இருக்கணும். ஒண்ணு மாறிப் போனா நேர் எதிர்ல ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், பக்கவாட்டுல நின்னா நல்லாக் கேக்கும். இந்தத் தப்பைக் கண்டுபிடிக்க ஆளுங்க திணறுவாங்க.

லைட்டுக்கு வருவோம். பழைய சுழல் விளக்குல 55 வாட் ஹாலஜன், அதைச் சுத்தி மோட்டார்ல ஓடுற கண்ணாடி. நீல மூடி போட்டா வெளிச்சத்துல பெரும்பகுதி மூடியிலயே நின்னுடும். எல்இடி பிறக்குறதே அந்த நிறத்துல, அதனால கால்வாசி கரண்டுல வேலை முடியுது. பகல்ல சிவப்பு எடுப்பாத் தெரியும், இருட்டுல நம்ம கண்ணுக்கு நீலம்தான் தூக்கலா இருக்கும். மின்னுற வேகம் ஐரோப்பிய ஆர்65 விதிப்படி செகண்டுக்கு 2லேருந்து 4 தடவை. அதுக்கு மேல போனா அவசரமாத் தெரியும்னு நினைக்காதீங்க. எதிர்ல வர்றவருக்கு உங்க வண்டி எவ்ளோ தூரத்துல இருக்குன்னே பிடிபடாது. ராத்திரி விபத்து இடத்துல நிறுத்தினா நைட் மோடுக்கு இறக்குங்க, முழு வெளிச்சத்துல ரோட்டுல நிக்கிற நர்ஸ் கூடத் தெரிய மாட்டார். பழைய ஸெனான் ஸ்ட்ரோப் (கேமரா ஃபிளாஷ் மாதிரி வெட்டி வெட்டி மின்னுற விளக்கு) இருந்தா, சுவிட்சை அணைச்ச உடனே கழட்டாதீங்க. அதுக்குள்ள மின்சாரத்தைச் சேத்து வெக்கிற கெபாசிட்டர்ல நூத்துக்கணக்கான வோல்ட் நிக்கும்.

இப்போ ஒயரிங். 100 வாட் சைரன் 12 வோல்ட்ல ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். பேட்டரிலேருந்து போக 5, வர 5, மொத்தம் 10 மீட்டர்னு வைங்க. 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர்ல 1.15 வோல்ட் வழியிலயே போயிடும். 4 ஸ்கொயர்ல 0.43தான். 1 வோல்ட் போனா சத்தம் பெருசாக் குறையாது, பிரச்சனை அது இல்ல. ஐடிலிங்ல ஏசியும் லைட்டும் ஓடும்போது வோல்ட்டேஜ் இன்னும் இறங்கி, ஆம்ப் தன்னைத்தானே அணைச்சு அணைச்சுப் போடும். "சைரன் விட்டு விட்டு வருது"ன்னா ஆம்பை மாத்துறதுக்கு முன்னாடி, சைரன் அடிக்கும்போதே ஆம்போட டெர்மினல்ல மல்டிமீட்டர் வெச்சு வோல்ட்டேஜ் பாருங்க. பேட்டரியில 13.5, ஆம்ப்ல 11.5னா நடுவுல ஒயரோ, துருப்பிடிச்ச பாடி எர்த்தோதான் (வண்டி பாடியில மாட்டுற மைனஸ் இணைப்பு) காரணம். பெயின்ட்டைச் சுரண்டி போல்ட் போடுங்க. ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துல இருக்கட்டும்.

24 வோல்ட் தீயணைப்பு வண்டியில, ரெண்டு பேட்டரியில ஒண்ணுலேருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து சைரன் ஓட்டுறாங்க. அப்படிச் செஞ்சா அந்த ஒரு பேட்டரி காய்ஞ்சு போகும், மத்தது ஓவர்சார்ஜ் ஆகும். 24லேருந்து 12 ஆக்குற கன்வெர்ட்டர் 15 ஆம்பியருக்குக் குறையாம வாங்குங்க, இல்லன்னா 24 வோல்ட் சைரனே வாங்கிடுங்க.

ஸ்பீக்கர் செத்துச்சான்னு பாக்க, ஒயரைக் கழட்டி மீட்டர் வைங்க. 11 ஓம் ஸ்பீக்கர் நல்லா இருந்தாலும் மீட்டர்ல 11 வராது, 7லேருந்து 10 ஓம் வரைக்கும் காட்டும். எதுவுமே காட்டலன்னா காயில் அறுந்திருக்கு. 1க்குக் கீழன்னா ஷார்ட், அதோட ஆம்பை ஆன் பண்ணவே பண்ணாதீங்க.