கனிந்த பீச் காத்திருக்காது

நேயர்களுக்கு வணக்கம்.

கோடைப் பழம் என்றால் நமக்கு மாம்பழம்தான். அதில் பேச்சே இல்லை. ஆனால் ஜூன், ஜூலையில் அமெரிக்காவின் தெற்கே, ஜார்ஜியா, தென் கரோலினா பக்கம் போய்ப் பாருங்கள். நம் ஊரில் மல்கோவாவுக்கும் இமாம்பசந்துக்கும் நடக்கிற அத்தனை வாக்குவாதமும் அங்கே பீச் பழத்துக்கு நடக்கும். எந்தத் தோட்டத்துப் பழம், எப்போது பறித்தது, சதை கொட்டையில் ஒட்டுகிற ரகமா ஒட்டாத ரகமா என்று ஆளாளுக்கு ஒரு கட்சி. கார் நம்பர் பிளேட்டிலேயே பீச் படம் போட்டு வைத்திருக்கிற மாநிலம் ஜார்ஜியா.

என் மகள் குடும்பம் அட்லாண்டாவில் இருப்பதால் கோடையில் அங்கே போய்த் தங்குவது உண்டு. நகரத்திலிருந்து தெற்கே மேக்கன் தாண்டிப் போனால் ஃபோர்ட் வேலி என்ற சிறிய ஊர் வரும். 1924இல் அந்தப் பகுதியைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது அதற்கு வைத்த பெயரே பீச் கவுண்டி. செம்மண் நிலத்தில் வரிசை வரிசையாகக் குட்டை மரங்கள். பறிக்கவும் கவாத்து செய்யவும் தோதாக, மரத்தை உயரே போகவிடாமல், நடுவில் வெயில் விழும்படி கிண்ண வடிவத்தில் வளர்த்திருக்கிறார்கள்.

சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் ஒரு வயதான அம்மாள் விற்றுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் எத்தனை கிலோ என்று கேட்கவில்லை. "எப்போது சாப்பிடப் போகிறீர்கள்?" என்றுதான் கேட்டார். இன்றைக்கு என்றால் ஒரு கூடை, நாளைக்கு என்றால் வேறு கூடை, நாலு நாள் கழித்து என்றால் கையைத் தட்டிவிட்டார்: "அப்போது வந்து வாங்கிக்கொள்ளுங்கள்." எங்களுக்கு முன்னால் நின்றவர் பழத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கப் போனார். அம்மாள் அதை அப்படியே எடுத்து அவர் பையிலேயே போட்டார். அமுக்கிய பழம் அமுக்கியவருக்கு. நியாயம்தானே? விரல் பட்ட இடம் மறுநாள் காலையில் பழுப்பாகக் கன்றிப் போய்விடும், அதை வேறு யார் வாங்குவார்கள்?

அவர் அப்படிக் கேட்டதில் வியாபாரத் தந்திரம் எதுவும் இல்லை. பழத்தின் சுபாவம் அது. வாழைப்பழத்தைக் காயாக வெட்டினாலும் பரவாயில்லை. அதற்குள் மாவுச்சத்து இருக்கிறது, பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறிவிடும். பீச்சிடம் அப்படிச் சேமிப்பு எதுவும் கிடையாது. மரத்தில் இருக்கும்வரை இலைகள் அனுப்புகிற சர்க்கரைதான் கணக்கு. பறித்த பிறகு அது மெத்தென்று ஆகும், மணம் வரும், புளிப்பு கொஞ்சம் தணியும். இனிப்பு மட்டும் ஏறாது. அதனால் சூப்பர் மார்க்கெட்டுக்கு அனுப்புவதற்காகக் கெட்டியாகப் பறித்த பழத்தை ஜன்னலோரத்தில் எத்தனை நாள் வைத்தாலும், தோட்டத்துப் பழத்தின் பக்கத்தில்கூட அது வராது.

இந்த அவசரக்காரப் பழத்தை எப்படித் தூர தேசம் அனுப்புவது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களால்தான் ஜார்ஜியாவுக்கே பீச் மாநிலம் என்று பெயர் வந்தது. மார்ஷல்வில் என்ற ஊரில் சாமுவேல் ரம்ஃப் என்று ஒரு விவசாயி. 1870களில் அவர் தோட்டத்தில் ஒரு புது மரம் தேறியது. பெரிய பழம், மஞ்சள் சதை, கொட்டையில் ஒட்டாது, பயணத்தையும் தாங்கும். தம் மனைவியின் பெயரை ஒட்டி அதற்கு எல்பெர்ட்டா என்று பெயர் வைத்தார். அதோடு விடவில்லை. பழப் பெட்டிகளை வைக்கச் சக்கரம் போட்ட ஐஸ் பெட்டி ஒன்றையும் செய்தார். ரயிலேறி நியூயார்க் போன பழங்கள் அங்கே நல்ல விலைக்குப் போயின. அந்த ஐஸ் பெட்டிக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். வீட்டில் அந்த அம்மாள் என்ன சொன்னாரோ!

பெயர் ஜார்ஜியாவுக்குக் கிடைத்தாலும், விளைச்சலில் அண்டை மாநிலம் தென் கரோலினா அதை முந்திவிடும். கலிஃபோர்னியா இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். இந்த மனக்குறை தென் கரோலினாக்காரர்களுக்கு நிறைய உண்டு. 1981இல் காஃப்னி என்ற ஊரில் தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்டினார்கள். பீச் பழ வடிவத்திலேயே, நடுவில் மடிப்பு, காம்போரத்தில் இலை எல்லாம் வைத்து, சுமார் 38 லட்சம் லிட்டர் பிடிக்கிற மாதிரி. நெடுஞ்சாலையில் போகிற ஜார்ஜியாக்காரர்கள் கண்ணில் படட்டும் என்றுதான். எங்கள் ஒரு மாவட்டத்தில் விளைவது உங்கள் மாநிலம் முழுவதிலும் விளைவதைவிட அதிகம் என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு இந்த வீம்பு பிடித்திருந்தது.

ஆனால் வீம்பு எல்லாம் குளிர்காலம் ஒழுங்காக இருந்தால்தான். பீச் மரம் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்குகிற மரம். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போதுமான நேரம் குளிர்ந்தால்தான் கண் விழித்து ஒழுங்காகப் பூக்கும். பழைய எல்பெர்ட்டாவுக்கு அது ஏறக்குறைய 850 மணி நேரம். குளிர் போதாவிட்டாலும் வம்பு, பூத்த பிறகு உறைபனி விழுந்தாலும் வம்பு. 2023இல் ஜார்ஜியாவில் இரண்டும் சேர்ந்து வந்தன. குளிர்காலம் வெதுவெதுப்பாக இருந்தது, பூத்த பிறகு மார்ச்சில் பனி விழுந்தது. அந்த வருஷ விளைச்சலில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது.

நம் சமவெளியில் பீச் வராததற்கும் இதுதான் காரணம். கொடைக்கானல் மலையிலும் நீலகிரியிலும், அந்தக் குளிருக்கு ஒத்துவருகிற ரகங்கள் பிளம்ஸோடும் பேரிக்காயோடும் காய்க்கின்றன. மே மாதம் மலை ஏறுகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்காது. 'பீச்சஸ்' என்றுதான் அங்கே விற்பார்கள். சிறிசாக, பச்சையும் சிவப்புமாக, மேலெல்லாம் மெல்லிய ரோமத்தோடு இருக்கும். பல நேரம் கெட்டியாகவே பறித்துவிடுகிறார்கள். குரங்குக்கும் பழ ஈக்கும் பயந்தால் வேறு என்ன செய்வார்கள்? அதைக் கனிந்த பழமாக எதிர்பார்த்துக் கடித்தால் ஏமாற்றம்தான். காயாகவே நினைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், இறங்கும். என் வீட்டில் அதை நறுக்கி, வேகவைத்து, வெல்லம் போட்டு, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துப் பச்சடி செய்வோம். மாங்காய்ப் பச்சடிக்கு அது ஒன்றும் இளைத்ததில்லை.

இந்தியாவுக்கு இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு பழைய குறிப்பு உண்டு. 7ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த சீனப் பயணி யுவான் சுவாங், கனிஷ்கர் காலத்தில் பிணையாக வந்து பஞ்சாப் பக்கம் தங்கிய சீன இளவரசர்கள்தாம் பீச்சையும் பேரியையும் கொண்டுவந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். கதை எவ்வளவு சரியோ, பழம் சீனத்துப் பழம் என்பது உண்மை. இன்றைக்கும் உலக விளைச்சலில் பாதிக்கு மேல் அங்கேதான். வயதானவர்களின் பிறந்தநாளுக்கு, நீண்ட ஆயுள் வேண்டி, பீச் வடிவத்தில் பன் செய்து ஆவியில் வேகவைத்துக் கொடுப்பார்கள்.

சரி, பழம் கையில் இருக்கிறது. என்ன செய்வது?

சிவப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது வெயில் பட்ட பக்கத்து நிறம், ரகத்தின் நிறம். காம்புக்குப் பக்கத்தில் சிவப்பு இல்லாத இடத்தைப் பாருங்கள். அங்கே பச்சை போய் மஞ்சளோ பாலேடு நிறமோ வந்திருக்க வேண்டும். அப்புறம் மோந்து பாருங்கள். மணம் இல்லாத பீச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள். கெட்டியாக இருந்தால் காம்புப் பக்கம் கீழே வரும்படி, ஒன்றின் மேல் ஒன்று படாமல், மேஜையில் ஓரிரு நாள் வையுங்கள். கனியாத பழத்தை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர் இதற்கு எமன், நம் வீட்டு ஃபிரிட்ஜ் சரியாக அந்தக் குளிரில்தான் ஓடுகிறது. வெளியே பார்த்தால் பழம் அழகாக இருக்கும், உள்ளே சாறு வற்றிச் சக்கையாகிவிடும். கனிந்த பிறகு ஓரிரு நாள் வைத்தால் குற்றமில்லை.

தோல் பிடிக்காதவர்கள் கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றினால் தோல் கையோடு வரும். அந்த ரோமம்தான் தொல்லை என்றால் நெக்டரின் வாங்குங்கள். அது பீச்சேதான், ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் ரோமம் இல்லாமல் போனது. நறுக்கும்போது நடு மடிப்பு வழியே சுற்றிக் கீறி இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகுங்கள், ஒட்டாத ரகமானால் கொட்டை தனியே வந்துவிடும். லண்டனில் எஸ்காஃபியே என்ற சமையல் மேதை, நெல்லி மெல்பா என்ற பாடகிக்காக வனிலா ஐஸ்கிரீமோடு சேர்த்துச் செய்த பீச் மெல்பா உலகப் பிரசித்தம். என்னைக் கேட்டால் நல்ல பழத்துக்கு ஐஸ்கிரீம் தேவையில்லை. ஜார்ஜியாக்காரர்கள் சமையலறைத் தொட்டிக்கு மேல் குனிந்து நின்று, சாறு முழங்கை வரை வழிய வழியத் தின்பார்கள், அதுதான் முறை. அளவுக்கு மீறிக் கனிந்துவிட்டால் கோப்ளர் செய்வார்கள்: தட்டில் வெண்ணெயை உருக்கி, மாவுக் கரைசலை ஊற்றி, சர்க்கரையில் புரட்டிய துண்டுகளைப் பரப்பி ஓவனில் வைப்பது. மேலே கொஞ்சம் பட்டைத்தூள்.

கொட்டையை உடைத்து உள்ளே இருக்கும் பருப்பைத் தின்னப் பிள்ளைகளை விடாதீர்கள், அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

அந்தப் பக்கம் உறவினர் இருந்து நீங்கள் போவதாக இருந்தால், மே மாதப் பழங்கள் பெரும்பாலும் கொட்டையில் ஒட்டுகிற ரகங்கள். ஜூன் பாதிக்கு மேல் போங்கள், ஜூலை இன்னும் நல்லது. ஆகஸ்ட் கடைசியில் போனால் கொட்டகையில் ஜாம் பாட்டில்தான் இருக்கும். வணக்கம்.