போட்டோ எடிட் பண்ற லைட்ரூம் சாஃப்ட்வேர்ல படம் எல்லாம் சாம்பல் கட்டமா தெரியுதா? எதையும் டெலிட் பண்ணிடாதீங்க!

[திரையில்: லைட்ரூம் கிரிட், வரிசையா சாம்பல் கட்டம்]

இதைப் பாருங்க. ஒரு கல்யாணத்தோட 1,800 போட்டோ, ஒண்ணு கூடத் தெரியல. போன வைகாசியில, தர்மபுரியில நான் வேலை பாக்குற ஸ்டுடியோவுல, காலைல சிஸ்டத்தை ஆன் பண்ணினதும் இந்தக் கோலம். அந்த நேரம் பாத்துப் பொண்ணோட அப்பா போன் பண்றாரு: "தம்பி, ஆல்பத்துக்குப் படம் செலக்ட் பண்ண எப்ப வரட்டுங்க?"

எனக்குக் கை ஓடல. "எல்லாத்தையும் ரிமூவ் பண்ணிட்டு மறுபடி இம்போர்ட் போட்டுடவா அண்ணே?"ன்னு கேட்டேன். ஓனர் அண்ணன், "மொதல்ல மவுஸ்ல இருந்து கையை எடு"ன்னாரு. அன்னைக்கு நான் ரிமூவ் அடிச்சிருந்தா மூணு நாள் உக்காந்து பண்ணின கலர் கரெக்‌ஷன் மொத்தமும் போயிருக்கும்.

வணக்கம் மக்களே. லைட்ரூம் கிளாசிக்ல மூணு பொருள் தனித்தனியா இருக்கு. ஒரிஜினல் படம் ஹார்ட் டிஸ்க்ல. நீங்க பண்ணின எடிட்டிங் எல்லாம் கேட்டலாக்ல, அதாவது லைட்ரூமோட கணக்கு நோட்டு மாதிரி ஒரு ஃபைல்ல. கண்ணுக்குத் தெரியுற படம் கேட்டலாக் பக்கத்துலயே 'ப்ரிவியூஸ்'னு இருக்குற ஃபோல்டர்ல. அவ்வளவுதான் பாடம்.

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்கு சீசன்ல போயிருக்கீங்களா? வியாபாரி ஒரு பெங்களூரா காயை நறுக்கி, உள்ள நிறம் எப்படின்னு காட்டுவாரு. அந்தத் துண்டுதான் ப்ரிவியூ, லாரியில இருக்குற லோடுதான் ஒரிஜினல் படம். மத்தியானத்துக்குள்ள துண்டு கறுத்துப் போகும், லோடுக்கு ஒண்ணும் ஆகாது. இன்னொரு காயை நறுக்குனா முடிஞ்சது. ஆனா லோடு நின்ன இடத்துல இல்லைன்னா? நறுக்கக் காயே கிடைக்காது. எங்களுக்கு ரெண்டும் சேர்ந்து நடந்துச்சு! முந்தின ராத்திரி புது சிஸ்டத்துக்குக் கேட்டலாக் ஃபைலை மட்டும் காப்பி பண்ணினேன், ப்ரிவியூஸ் ஃபோல்டரை விட்டுட்டேன். ஹார்ட் டிஸ்க் பழைய சிஸ்டத்துல 'ஈ' டிரைவ், புதுசுல 'எஃப்'. லைட்ரூம் பாவம், விடிய விடிய 'ஈ'யிலயே தேடிட்டு இருக்கு.

[திரையில்: ஃபோல்டர் மேல கேள்விக்குறி, பெரிசாக்கி]

இந்தக் கேள்விக்குறி இருந்தா, ரைட் கிளிக், 'ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்', சரியான இடத்தைக் காட்டுங்க. இல்லைன்னா விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல டிரைவுக்குப் பழைய எழுத்தையே குடுத்துடுங்க. நாங்க அதைத்தான் பண்ணினோம். அப்புறம் எல்லாப் படத்தையும் செலக்ட் பண்ணி லைப்ரரி மெனு, ப்ரிவியூஸ், 'பில்ட் ஸ்டாண்டர்ட் சைஸ்டு ப்ரிவியூஸ்'. மொதல்ல தாலி கட்டுற படம் வந்துச்சு. எனக்கு மூச்சே அப்பதான் வந்துச்சு.

கேள்விக்குறி இல்ல, டிஸ்கும் மாட்டியிருக்கு, அப்பவும் சாம்பலா? லைட்ரூமை மூடுங்க, ப்ரிவியூஸ் ஃபோல்டர் பேரை மாத்தி வைங்க, திரும்பத் திறங்க. புதுசா உருவாகும், எடிட்டிங் போகாது. எடிட் பண்ற டெவலப் பக்கத்துல மட்டும் கறுப்பா இருந்தா, பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ல கிராபிக்ஸ் பிராசஸரை ஆஃப் பண்ணிப் பாருங்க.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வரேன். ரா ஃபைலுக்குள்ள, அதாவது சென்சார் பதிவு பண்ணின, இன்னும் வேக வைக்காத ஃபைலுக்குள்ள, கேமராவே ஒரு ஜேபெக் படத்தை ஒளிச்சு வைக்குது! கேமரா பின்னாடி ஸ்கிரீன்ல நீங்க பாக்குறது ரா கிடையாது, அந்தக் குட்டி ஜேபெக்தான். அங்க தெரியுற ஹிஸ்டோகிராமும், அதான் வெளிச்சம் எவ்வளவுன்னு காட்டுற கிராஃபும், அந்த ஜேபெக்கோடதுதான். இம்போர்ட் பண்ணினதும் பொண்ணோட அரக்குப் பட்டு தகதகன்னு ஒரு செகண்ட் தெரியும், அடுத்த செகண்ட் டல்லடிக்கும், கவனிச்சிருக்கீங்களா? முதல்ல வந்தது கேமரா பண்ணி வச்ச ஜேபெக். ரெண்டாவது, லைட்ரூம் தன்னோட கணக்குல ராவை வேக வச்சு எடுத்தது. கலர் எங்கயும் போகல, சமையல்காரர் மாறிட்டாரு, அவ்வளவுதான். டெவலப்ல ப்ரொஃபைலை, அதாவது கலருக்கான அடிப்படை செட்டிங்கை, 'கேமரா ஸ்டாண்டர்ட்'டுக்கு மாத்திப் பாருங்க, பட்டு பழையபடி கிட்டத்தட்ட வந்துடும். இதை யாராவது எனக்கு முதல் வருஷமே சொல்லியிருந்தா எத்தனை ராத்திரி மிச்சமாயிருக்கும்!

இம்போர்ட் ஜன்னல்லயே 'ப்ரிவியூ அன்அவைலபிள்'னு வருதா? பெரும்பாலும் கேமரா புதுசு, சாஃப்ட்வேர் பழசு. கேனானோட சிஆர்3ங்கிற ரா ஃபைல் 2018-ல எம்50 கேமராவோட வந்தது, அதுக்கு முந்தின லைட்ரூமுக்கு அது என்னன்னே தெரியாது. அப்டேட் போடுங்க. முடியலைன்னா அடோபியோட டிஎன்ஜி கன்வர்ட்டர் இலவசம், அதுல ராவை டிஎன்ஜிங்கிற பொதுவான ரா ஃபைலா மாத்திட்டு ஏத்துங்க.

விண்டோஸ் ஃபோல்டர்ல போட்டோஷாப் பிஎஸ்டி ஃபைல் வெறும் ஐகானா தெரியுறது வேற கதை. விண்டோஸுக்கு அந்த ஃபைலைத் தானா படிக்கத் தெரியாது. அடோபி பிரிட்ஜ்னு ஃபைல் பாக்குற சாஃப்ட்வேர் இருக்கு, அதுல திறந்து பாருங்க, தெரியும்.

உங்க ஸ்கிரீன்ல வர்றது கேள்விக்குறியா, ஆச்சரியக்குறியா, வெறும் சாம்பலா, எந்த கேமரான்னு கமென்ட்ல எழுதுங்க. நைட்டு ஸ்டுடியோ சாத்தினதும் ஒவ்வொண்ணுக்கும் பதில் போடுறேன்.