சைவக்காரர் மடுவுக்குப் போகலாமா, எந்த நாளில் போவது?

அடுத்த கேள்வி திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். "அண்ணா, நாங்கள் சைவக் குடும்பம். அம்மம்மா மடு மண்ணைச் சாமி அறையில் வைத்திருக்கிறா. அவவையும் கூட்டிக்கொண்டு மடு மாதா கோயிலுக்குப் போகலாமா? திருவிழாவுக்குப் போவதா, சும்மா நாளிலா?"

தாராளமாகப் போகலாம். மன்னார்ப் பக்கத்துக் காட்டுக்குள் இருக்கிற கத்தோலிக்கக் கோயில்தான், ஆனால் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், மட்டும் போகிற இடமில்லை அது. தொடக்கமே ஓடி வந்தவர்களால்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்து, குருமார் ஒளித்துத் திரிந்த காலம். 1670 அளவில் மாந்தையில் இருந்து 20 குடும்பங்கள் மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தார்கள். யாழ்ப்பாணப் பக்கத்தாரும் வந்து சேர்ந்தார்கள். அந்தச் சிலைக்குத்தான் 1924 ஜூலை 2இல் முடிசூட்டினார்கள். 1990இல் சண்டைக்குப் பயந்த சனம் மறுபடி அதே வளவுக்கு வந்தது. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்க, மாதாவே இடம்பெயர வேண்டி வந்தது. குருமார் சிலையை மன்னார்க் கரையோரத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள், ஓகஸ்டில்தான் திரும்பியது. அப்படிப்பட்ட வாசலில் வந்து நிற்பவரிடம் 'நீ யார்' என்று யார் கேட்பார்கள்?

மண் பாம்புக்கடிக்கு நல்லது என்பது பழைய நம்பிக்கை. அம்மம்மா வைத்திருக்கட்டும். ஆனால் பாம்பு கடித்தால் முதலில் ஆஸ்பத்திரி, சரியா?

பெரிய திருவிழா இரண்டு: ஜூலை 2 ஆடித் திருவிழா, ஓகஸ்ட் 15 ஆவணித் திருவிழா. ஆவணிக்கு நீர்கொழும்பு, சிலாபம் என்று தெற்கில் இருந்தும் சிங்களச் சனம் அள்ளுப்பட்டு வரும். குடும்பம் குடும்பமாக மரத்தடியில் கூடாரம் அடித்து, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, நாள்கணக்கில் அங்கேயே இருப்பார்கள். விடியப்புறம் ஒரு கூடாரத்தில் செபமாலை, பக்கத்துக் கூடாரத்தில் தேங்காய் துருவுகிற சத்தம், குழாயடியில் வாளி வரிசை. எனக்கு மடு என்றால் இதுதான். கோயிலை அரை மணித்தியாலத்தில் பார்த்துவிடலாம். ஓர் இரவாவது தங்கிப் பாருங்கள்.

அம்மம்மாவோடு என்றால் திருவிழா அன்றைக்கே போய் நெரிபட வேண்டாம். ஆடித் திருவிழாவுக்கு ஜூன் 23 கொடியேறும். அதற்குப் பிறகு நவநாள், அதாவது ஒன்பது நாள் செபம், நடக்கிற நாட்களில் போங்கள். சனமும் இருக்கும், நடக்கவும் இடமிருக்கும். மெழுகுதிரி கொளுத்தலாம், நேர்த்தி வைக்கலாம். பூசையில் நற்கருணை கொடுக்கும்போது மட்டும் வரிசையில் போகாமல் இருந்த இடத்திலேயே இருங்கள். அது கத்தோலிக்கர் வாங்குவது.

பாதையைக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா, அங்கிருந்து மன்னார் பஸ், மடுச் சந்தியில் இறக்கம். சந்தியில் இருந்து கோயில் நல்ல தூரம், நடக்கிற யோசனை வேண்டாம். மடு ரோட் ஸ்டேஷனில் ரயில் நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பிப் புறப்படாதீர்கள். நிற்கும்தான், ஆனால் நமக்கு அது தெற்கே மாகோ சந்தி வரை போய், ரயில் மாறித் திரும்புகிற சுற்று.