6 மணி நேரம் கார் நிறுத்த 20,000 ரூபாய்! ஊரைக் கேட்டுத்தான் போட்டார்கள்... எந்த ஊரை?

(திரையில்: ஒரு பார்க்கிங் மெஷின். பக்கத்தில் பளபளக்கும் கறுப்பு எஸ்யூவி.)

தெருவோரம் ஒரு காரை நிறுத்துகிறீர்கள். ஆறு மணி நேரம். கட்ட வேண்டியது 225 யூரோ. நம் காசில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். அபராதமா என்றால் இல்லை. வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. வெறும் பார்க்கிங் காசு!

இதைப் போட்டது ஏதோ கொடுங்கோல் அரசாங்கம் என்று நினைக்காதீர்கள். ஊர் மக்களைக் கூப்பிட்டு, ஓட்டுப் பெட்டி வைத்து, வேண்டுமா வேண்டாமா என்று கேட்டு, 'வேண்டும்' என்று அவர்கள் சொன்ன பிறகு போட்டது. இடம், பாரிஸ்.

வணக்கம். பின்கதையை இருபது விநாடியில் முடித்துவிடுகிறேன், அப்புறம்தான் சுவாரசியமே. 2014-ல் பாரிஸ் மேயர் ஆனவர் ஆன் இதால்கோ. கார்களைக் குறைப்பதுதான் அவருடைய கொடி. 2024 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை, எடை கூடிய கார்களுக்குத் தனிப் பார்க்கிங் கட்டணம் போடலாமா என்று ஊரைக் கேட்டார். 54.55 சதவீதம் ஆம், மீதி இல்லை. மே மாதம் நகர்மன்றம் ஒப்புக்கொண்டது, அக்டோபர் 1 முதல் நடைமுறை. முடிந்தது பின்கதை.

இப்போது கட்டணம். பாரிஸ் வரைபடத்தைப் பாருங்கள்.

(திரையில்: வரைபடம். நடுவிலிருந்து எண்கள் ஒவ்வொன்றாகச் சுழன்று வருகின்றன.)

ஊரை 20 வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நடுவில் 1, அங்கிருந்து நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி 20 வரை. உள்ளே இருக்கிற 1 முதல் 11 வரை சாதாரணக் காருக்கு மணிக்கு 6 யூரோ. வெளியே 12 முதல் 20 வரை 4 யூரோ. எடை கூடிய கார் என்றால் இரண்டுமே மூன்று மடங்கு, 18 யூரோ, 12 யூரோ. '18-ஐ 6-ஆல் பெருக்கினால் 108 தானே, 225 எங்கிருந்து வந்தது' என்று கமென்ட்டில் கேட்கப் போகிறவர்களுக்கு: முதல் இரண்டு மணி நேரம்தான் இந்த விலை. அதற்கு மேல் நின்றால் கட்டணம் மளமளவென்று ஏறும். வெளியூர்க்காரர் சீக்கிரம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், அதுதான் நோக்கம்.

எது எடை கூடிய கார்? எல்லோரும் 'எஸ்யூவி வரி' என்றுதான் எழுதினார்கள். ஆனால் கோடு போட்டது தோற்றத்தை வைத்து இல்லை, எடையை வைத்து. பெட்ரோல், டீசல், ஹைபிரிட் என்றால் 1.6 டன். மின்சாரக் கார் என்றால், பேட்டரி கனக்கும் என்பதால், 2 டன். 1.6 டன் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமா? 25 கிலோ அரிசிச் சிப்பம் 64. மளிகைக் கடை குடோனில் ஒரு சுவர் முழுக்க அடுக்கலாம். 1990-ல் இருந்து கார்கள் சராசரியாக 250 கிலோ கூடிவிட்டன என்று நகராட்சி சொன்னது. அதாவது, இருக்கிற காரின் டிக்கியில் பத்துச் சிப்பம் அரிசியை ஏற்றிவிட்டு, இறக்கவே மறந்துபோய் முப்பது வருடமாக ஊரைச் சுற்றுகிறோம்!

எடைக் கணக்கு என்பதால் ஒரு வேடிக்கையும் நடந்தது. உயரமாக, முரட்டுத்தனமாகத் தெரிகிற சின்ன எஸ்யூவி சில 1.6 டன்னுக்குக் கீழே நழுவிவிடும். மூன்று பிள்ளைகளையும் தாத்தா பாட்டியையும் ஏற்றிக்கொண்டு வருகிற குடும்ப வேன் மாட்டிக்கொள்ளும். எஸ்யூவியை அடிக்கக் கம்பை எடுத்தார்கள், பக்கத்தில் நின்ற அப்பாவிக்கும் ஒன்று விழுந்தது.

சரி, நான் இந்த வீடியோ எடுக்கக் காரணமே அடுத்து வருவது. ஓட்டுச் சீட்டில் இருந்த கேள்வி. தமிழில் சொன்னால் கிட்டத்தட்ட இப்படி:

(திரையில், வரிவரியாக.)

'எடை மிகுந்த, இடத்தை அடைக்கிற, மாசு கிளப்புகிற தனிநபர் கார்களை நிறுத்துவதற்குத் தனிக் கட்டணம் ஏற்படுத்துவதற்கு ஆதரவா, எதிர்ப்பா?'

இன்னொரு தடவை படியுங்கள். எடை மிகுந்த. இடத்தை அடைக்கிற. மாசு கிளப்புகிற. இதற்கு ஒருவர் 'எதிர்ப்பு' என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! 'தூங்கவிடாமல் குரைக்கிற, செருப்பைக் கடித்துக் குதறுகிற, சோபாவில் மூச்சா போகிற பக்கத்து வீட்டு நாயைக் கட்டிப்போடலாமா?' என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? நான் நாய் வளர்க்கிறவன், நானே கையைத் தூக்கிவிடுவேன். கேள்வியில் இல்லாதது என்ன என்றும் பாருங்கள். 18 யூரோ இல்லை. மூன்று மடங்கு இல்லை. யாருக்கு விலக்கு என்பதும் இல்லை.

இதே நகராட்சி அதற்கு முந்தைய வருடம், 2023 ஏப்ரல் 2 அன்று, வாடகை மின்சார ஸ்கூட்டரைப் பற்றி ஊரைக் கேட்டது. நின்றுகொண்டே ஓட்டுவார்களே, நடைபாதையில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்குமே, அது. கேள்வி: 'பாரிஸில் வாடகை ஸ்கூட்டருக்கு ஆதரவா, எதிர்ப்பா?' அவ்வளவுதான். அடைமொழி எதுவும் கிடையாது. ஏன்? தேவைப்படவில்லை! ஓட்டுப் போட்டவர்களில் 89 சதவீதம் பேர் எதிர்ப்பு. அந்த ஆகஸ்ட் முடிவதற்குள் சுமார் 15,000 ஸ்கூட்டர்களை மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் 2025 மார்ச் 23. கேள்வி: 'எல்லாப் பகுதிகளிலுமாக இன்னும் 500 தெருக்களில் செடி கொடி வளர்த்து, நடப்பவர்களுக்கே விடுவதற்கு ஆதரவா, எதிர்ப்பா?' கேட்கவே குளுகுளுவென்று இருக்கிறது. கிட்டத்தட்ட 66 சதவீதம் ஆதரவு. அந்தச் செடி வளர்வதற்காகச் சுமார் 10,000 பார்க்கிங் இடங்கள் போகும் என்பது செய்தித்தாளில் இருந்தது, ஓட்டுச் சீட்டில் இல்லை.

மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஜெயிக்கப் போவது தெரிந்தால் கேள்வி மொட்டையாக இருக்கிறது. சந்தேகம் என்றால் மூன்று அடைமொழி. கசப்பு இருந்தால் மேலே தேன். கேள்வி எழுதிய அதிகாரிக்கு ஒரு சல்யூட். எங்கள் அபார்ட்மென்ட் சங்கச் செயலாளருக்கு இவரைத் தெரியாமல் இருக்கட்டும்.

இவ்வளவு ஜோடித்துக் கேட்டும் எத்தனை பேர் வந்தார்கள் தெரியுமா? 2024 பார்க்கிங் ஓட்டுக்கு 5.68 சதவீதம். பதிவு செய்த வாக்காளர்கள் 13 லட்சத்துக்கும் மேல், வந்தவர்கள் சுமார் 78,000 பேர். பாரிஸில் வாக்காளர்கள் நூறு பேர் என்று வைத்துக்கொண்டால், மூன்று பேர் 'ஆம்', இரண்டரைப் பேர் 'இல்லை', மீதி தொண்ணூற்று நாலரைப் பேர் வீட்டில் இருந்துவிட்டார்கள். ஸ்கூட்டர் ஓட்டுக்கு 7.46 சதவீதம் வந்திருந்தார்கள். 2025-ல் அது 4.06. வருடா வருடம் தேய்கிறது. சிரிக்காதீர்கள், இந்த வீடியோவைப் பார்க்கிறவர்களில் லைக் போடுவதும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான். இப்போதே ஒன்று தட்டிவிடுங்கள், பாரிஸை முந்துவோம்.

வந்த கொஞ்சம் பேரும் ஊர்ப்பக்கம் பார்த்துப் பிரிந்தார்கள். மேற்கே பணக்கார வட்டாரங்கள் 'எதிர்ப்பு', கிழக்கே 'ஆதரவு'. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, நகர்வோம்.

ஆச்சரியம் இங்கே. பாரிஸ்வாசி ஒருவரிடம் இரண்டு டன் எஸ்யூவி இருக்கிறது, தன் வீட்டுப் பகுதியிலேயே நிறுத்துகிறார். அவருக்கு இந்த 18 யூரோ உண்டா? கிடையாது. குடியிருப்போருக்கு விலக்கு. குடியிருப்போர் அட்டை இருந்தால் ஒரு நாள் முழுக்க நிறுத்த ஒன்றரை யூரோ. தப்பாகக் கேட்கவில்லை நீங்கள்: அவருக்கு நாளைக்கு ஒன்றரை, அதே காரில் வெளியூரிலிருந்து வந்தவருக்கு மணிக்குப் பதினெட்டு. டாக்ஸி, தொழில் அனுமதி வைத்திருப்பவர்கள், மருத்துவப் பணியாளர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் விலக்கு. நிலத்தடி வாகன நிறுத்தங்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது.

அப்படியானால் கட்டுவது யார்? பெரும்பாலும் புறநகர்க்காரர்கள். ஓட்டுப் போட்டது யார்? பாரிஸ் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள். ஒரு கையின் காசை இன்னொரு கை எண்ணியிருக்கிறது! 'நம் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் பார்க்கிங் காசு கட்டலாமா' என்று அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் கேட்ட மாதிரி. விருந்தாளி அந்தக் குழுவில் இல்லை.

(திரையில்: இரும்புத் தூண்கள் மேல் மெட்ரோ போகிறது. கீழே தமிழில் பெயர்ப் பலகைகள்.)

இந்த இடம் நம்மில் பலருக்குத் தெரியும். லா சப்பல். பாரிஸின் குட்டி யாழ்ப்பாணம். மேலே தூண்களில் இரண்டாம் நம்பர் மெட்ரோ ஓடுகிறதே, அந்த அகலச் சாலைதான் எல்லை. தெற்கே 10-ஆம் வட்டாரம், வடக்கே 18. நத்தைக் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: தெற்குப் பக்கத் தெருவில் கனத்த வண்டியை நிறுத்தினால் மணிக்கு 18 யூரோ, மெட்ரோ பாலத்தைத் தாண்டி வடக்குப் பக்கத் தெருவில் நிறுத்தினால் 12. நடந்து கடக்க ஒரு சிக்னல் நேரம். தமிழ்க் கடைகள் நெருக்கமாக இருப்பது தெற்கே, 18 யூரோ பக்கம். லா கூர்நெவ் மாதிரி புறநகர்களில் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். மாதச் சாமான் வாங்க ஏழு பேர் உட்காரும் வண்டியில் மொத்தக் குடும்பமும் வந்து இறங்கும். அரிசி மூட்டை, தேங்காய், கருவாடு, கல்யாணச் சேலை எல்லாவற்றையும் மெட்ரோவில் தூக்கிக்கொண்டு போ என்றால் போவார்களா? பாரிஸ் உள்ளேயே குடியிருந்தாலும், பிரெஞ்சுக் குடியுரிமையோ ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடியுரிமையோ இல்லாதவருக்கு அன்று ஓட்டுக் கிடையாது. கடைக்காரர் தொழில் அனுமதி வாங்கியிருந்தால் தப்பிப்பார். அவரிடம் சேலை வாங்க வந்த அக்கா மாட்டிக்கொள்வார்.

நகராட்சிப் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது, என் பார்வையில் கொஞ்சம் கனமாகவே இருக்கிறது. பாரிஸில் மூன்றில் ஒரு வீட்டில்தான் கார் உண்டு. தெரு எல்லோருக்கும் சொந்தம், அதில் ஓரத்தை அடைத்துக்கொண்டு நிற்பது கொஞ்சம் பேரின் வண்டி. எடையும் உயரமும் கூடக் கூட, முன்னால் நடந்து போகிற குழந்தைக்கு ஆபத்தும் கூடுகிறது. புகையை மூச்சில் இழுப்பது அந்தத் தெருவில் குடியிருப்பவர், வண்டியோடு வீட்டுக்குப் போய்விடுபவர் இல்லை. அதனால் தெருக்காரரைக் கேட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கட்டணத்தை எடைக்குப் போட்டுவிட்டு, அதே எடைக்கு உள்ளூரில் ஒன்றரை யூரோ வாங்குவதுதான் எனக்கு இடிக்கிறது. உங்கள் வீட்டு இரண்டு டன்னுக்கும் அவர் வீட்டு இரண்டு டன்னுக்கும் புகை ஒன்றுதானே? உள்ளூர்க்காரருக்கும் மூன்று மடங்கு என்று கேள்வியில் ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த 54.55 என்னவாகியிருக்கும் என்று கமென்ட்டில் எழுதுங்கள். ஆண்டுக்கு மூன்றரைக் கோடி யூரோ வரை கிடைக்கும் என்று நகராட்சியே போட்ட கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

பைக் வைத்திருப்பவர்கள் 'நல்லவேளை' என்று பெருமூச்சு விட வேண்டாம். 2022 செப்டம்பர் முதல் பாரிஸில் பெட்ரோல் பைக்குக்கும் பார்க்கிங் காசு உண்டு.

போகும்போது ஒரு கடைசித் தகவல். பாரிஸ் வரைக்கும் போகிறவர்களுக்கு உதவும். தெருவோரப் பார்க்கிங் கட்டணம் திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் இரவு 8 வரைதான். சனிக்கிழமை இரவு 8 அடித்தால், எவ்வளவு கனத்த வண்டியாக இருந்தாலும் திங்கள் காலை 9 வரை ஒரு சென்ட் கிடையாது. பிப்ரவரி 4 என்ன கிழமை என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். ஞாயிறு. அன்று இரண்டு டன் எஸ்யூவியில் வந்து, ஓட்டுச் சாவடி வாசல் தெருவில் இலவசமாக நிறுத்திவிட்டு, உள்ளே போய் 'எதிர்ப்பு' சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.