படகுல குடும்பத்தோட கடல் தாண்டுறது

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் இலங்கையில ஹட்டன் பக்கம் தேயிலத் தோட்டத்துல பொறந்து வளந்தவ, இப்ப மலேசியாவுல லங்காவி தீவுல இருக்கோம், வீட்டுக்காரருக்கு அங்க படகு ரிப்பேர் பண்ற யார்ட்டுல வேல. இந்த தடவ ஊருக்கு வர பிளேன் ஏறல, எங்க பழைய பாய்மரப் படகுலயே புள்ளைங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு காலி துறைமுகத்துக்கு வந்துட்டோம், அத கேள்விப்பட்டுத்தான் இங்க கூப்புட்டிருக்காங்க.

லயத்துல, அதான் எங்க தோட்டத்து வீட்டு வரிசையில, எல்லாரும் கேக்குறது ரெண்டே கேள்வி, புயல் வந்தா என்னா பண்ணுவீங்க, சுறா வருமா. புயலுக்கு பயந்துதாங்க காலம் பாத்து கெளம்புறது. ஜனவரிலருந்து மார்ச் வரைக்கும் அந்தப் பக்கம் வாடக்காத்து அனேகமா சீரா அடிக்கும், கெழக்கருந்து மேக்க வர்ற படக பின்னாலருந்து தள்ளிக்கிட்டே வரும். சுறாவ நாங்க பாக்கவே இல்ல.

உண்மையான கஷ்டம் தூக்கம்.

சுமத்ரா தலமாட்ட சுத்தி, பெரிய நிக்கோபார் தீவுக்கு தெக்கால வந்து காலிய புடிக்க கிட்டத்தட்ட 1200 கடல் மைல். எங்க படகு 5 நொட், 6 நொட் போகும், அதாவது மணிக்கு 10 கிலோமீட்டர் சொச்சம், அப்ப ஒரு நாளைக்கு 120 மைல், நல்ல காத்துன்னா 140. நடுவுல நிப்பாட்டிட்டு படுக்க ஏலாது, நங்கூரம் எட்டாத ஆழம், அதோட மலாக்கா நீரிணையில இருந்து இலங்கையோட தெக்கு கோடியில இருக்குற தெவிநுவர முனைக்கு தெக்கால போற பெரிய கப்பல்கள் எல்லாம் அந்த வழிதான். ஒரு கப்பலோட வெளிச்சம் தூரத்துல தெரிய ஆரம்பிச்சா 20 நிமிஷத்துல நம்ம பக்கத்துல வந்து நிக்கும், அதனால ராத்திரி பூரா யாராச்சும் ஒருத்தர் 15 நிமிஷத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு சுத்தி பாத்தே ஆகணும். ஏஐஎஸ் மெசின் கப்பல் பேரு, வேகம் எல்லாம் காட்டும்தான், ஆனா மீன்புடி படகு எல்லாத்துலயும் அது இருக்காதே.

அதனால மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா நானும் அவரும் ஆள் மாத்துவோம், தோட்டத்துல காலையில வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டுல கணக்கப்புள்ள பேர் கூப்புடுற மாதிரி அவரு என் பேர கூப்புடுவாரு, எனக்கு அப்பதான் கண்ணு சொக்கியிருக்கும். தூக்கம் இல்லாத புருசன் பொண்டாட்டி எதுக்கெல்லாம் சண்ட போடுவாங்கன்னு சொன்னா சிரிப்பீங்க, ஒரு கரண்டிய எடுத்த எடத்துல வைக்கலன்னு அரை நாள் பேசாம இருந்தோம். மகனுக்கு 13 வயசு, அந்தி சாயிற நேரத்துலருந்து 9 மணி வரைக்கும் நான் பாக்குறேம்மான்னு அவனா கேட்டான், நான் பக்கத்துலயே படுத்துக்குவேன், அந்த தூக்கம் கெடச்ச பிறகுதான் நாங்க ரெண்டு பேரும் மனுசராட்டம் பேசிக்கிட்டோம். இடுப்பு பெல்ட்ட கயித்துல மாட்டாம யாரும் வெளிய வரக்கூடாது, ராத்திரியில இன்னொருத்தர எழுப்பாம பாய்மரத்துக்கிட்ட போகக்கூடாது, இந்த ரெண்டுல மட்டும் அப்பா அம்மா கூட சலுக கேக்க ஏலாது.

மொத மூணு நாள் சின்னவளுக்கு வாந்தி. அழக்கூட இல்ல, சுருண்டு படுத்துட்டா, அதுதான் எனக்கு வயித்த கலக்குச்சு. வாந்தி பேதிக்கு குடுக்குற ஜீவனி பவுடர கரைச்சு ஒவ்வொரு ஸ்பூனா ஊட்டிக்கிட்டே இருந்தேன். நாலாவது நாள் காலையில ரொட்டியும் சம்பலும் வேணும்னா பாருங்க! அடுப்பு தொட்டில் கணக்கா தொங்கும், படகு சாஞ்சாலும் அது நேரா நிக்கும், சட்டி நகராம ரெண்டு பக்கமும் இரும்பு கொக்கி. ஆனா மாவு பெசையிற எடம் ஆடுமே, ஒரு கையால கம்பிய புடிச்சுக்கிட்டு மறு கையால பெசஞ்சேன். தண்ணி அளவாத்தான் இருக்கும், அரிசி கழுவ கடல் தண்ணிதான், வேகவைக்கவும் அதுல கொஞ்சம் சேத்துட்டா உப்பு மிச்சம்.

சந்தோசம்னா எனக்கு பிரியமானது ராத்திரி ரெண்டு மணி வாட்ச், அதாவது முழிச்சு காவல் இருக்குற முறை. நெலா இல்லாத நாள்ல படகு போற வழியெல்லாம் தண்ணி பச்சையா மின்னும், டொல்பின் வந்தா அதோட உருவமே வெளிச்சத்துல கோடு போட்டாப்ல தெரியும், அப்ப மட்டும் சின்னவள எழுப்புவேன்.

அப்புறம் கரைக்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கும்போதே நம்ம நாட்டு பலநாள் மீன்புடி படகு ஒண்ணு கிட்ட வந்துச்சு, வெள்ளைக்காரன் படகுன்னு நெனச்சு சிகரட் இருக்கான்னு கைய காட்டுறாங்க. நான் சிங்களத்துல, தம்பிமாரே எந்த ஊருன்னு கேட்டேன். ஆடிப்போயிட்டானுங்க. நான் ஹட்டன்னு சொன்னதும் ஒருத்தன் விழுந்து விழுந்து சிரிக்கிறான், தேயிலக்காட்டு அக்காவுக்கு கடல்ல என்னா வேலன்னு கேட்டான். பெரிய கெலவல்லா மீன் ஒண்ண தூக்கி போட்டுட்டு போனாங்க, நாங்க தேயில பக்கெட்டும் பிஸ்கட்டும் குடுத்தோம்.

அவன் கேட்டதயே இங்க நம்ம ஆளுகளும் கேக்குறாங்க, பாய்மரம் நமக்கு எதுக்குன்னு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில கட்டுன அன்னபூரணிங்கிற பாய்மரக் கப்பல ராபின்சன்ங்கிற அமெரிக்காக்காரர் வாங்குனாரு, வல்வெட்டித்துறை மாலுமிகதான் அதுல பாய் இழுத்தாங்க, 1938ல அமெரிக்காவுல குளொஸ்டர் துறைமுகத்துக்கே போயி சேந்துச்சு. நம்ம பாட்டன் பூட்டனும் தமிழ்நாட்டுலருந்து கடல் தாண்டி வந்தவுங்கதானே, 1914ல தலைமன்னார் கப்பல் ஓட ஆரம்பிக்கிறதுக்கு முந்தி எத்தன பேரு தோணியில வந்தாங்க. என்னா, அவுங்கள யாரும் விருப்பம் கேட்டு ஏத்தல, நாங்க விரும்பி ஏறுனோம்.

ஏப்ரல் முடியிறதுக்குள்ள மாலைதீவு பக்கம் எறங்கிறணும், தென்மேல் மழ தொடங்கிட்டா இந்தப் பக்கம் ஒதுங்க நல்ல எடம் கெடைக்கிறது கஷ்டம். மகன் இப்பவே மேப்ப விரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். சின்னவ அம்மாயியோட தோட்டத்துலயே நிக்கிறேன்னு ஒரே புடி, அவரு வந்துருவா விடுங்கிறாரு, எனக்கு அப்படி தோணல. இன்னும் பேசி முடியல. நேரம் ஆச்சுன்னு கண்ணாடிக்கு அங்குட்டு இருந்து கைய காட்டுறாங்க, வணக்கம்ங்க.